தடுப்பூசிக்கு ஒரு கணக்கு, கடற்கரைக்கு ஒரு கணக்கு

சித்திரை பிறந்ததும் பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கரையோரம் வரிசையாக வந்து நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலையைச் சீர்செய்வது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று ஊர் வேறு வேலைக்குத் திரும்பும். ஏறக்குறைய இதே நாட்களில்தான் கல்லூரிகளுக்கும் கோடை விடுமுறை. இளங்கலைக் கணிதம் படிக்கும் ஒரு கடற்கரைப் பெண் இந்த இரண்டு மாதத்தில் ஆராய்ச்சி என்றால் என்ன என்று தொட்டுப் பார்க்க நினைத்தால், அவளுக்கு நான் சொல்லும் தலைப்பு இதுதான்: குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா, தள்ளிப்போடலாமா என்று ஒரு வீடு முடிவெடுப்பதைக் கணக்காக எழுத முடியுமா?

முடியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கை இந்தக் கரைக்குக் கொண்டுவரும்போது அதில் ஒரு முக்கியமான உறுப்பு விடுபட்டிருப்பது தெரியும். அதைச் சேர்ப்பதுதான் இங்குள்ள மாணவர்களால் செய்யக்கூடிய, வேறு எங்கோ இருப்பவர்களால் எளிதில் செய்ய முடியாத வேலை.

முதலில் கணக்கின் கரு. கடற்கரைக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. எல்லாரும் அதை மதித்தால் மீன் பெருகும், எல்லாருக்கும் நல்லது. ஆனால் மற்ற எல்லாரும் மதிக்கும்போது ஒருவர் மட்டும் மீறினால் அவருக்கு அன்றைக்குக் கூடுதல் லாபம். இந்த எண்ணம் பத்துப் பேருக்கு வந்துவிட்டால் கடலில் மீன் இருக்காது. தடுப்பூசியிலும் இதே இழுபறிதான். ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டாயிற்று என்றால் நோய் நுழைய வழியில்லை. அப்போது, ‘நம் பிள்ளைக்கு ஏன் ஊசி, ஏன் காய்ச்சல்?’ என்று ஒரு தாய் நினைப்பதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தெரியும். ஊர் போட்ட ஊசியே அந்தப் பிள்ளையைக் காக்கிறது. அப்படி நினைப்பவர்கள் கூடக்கூட அந்தக் காப்பு ஓட்டையாகிறது. தன் லாபம் அடுத்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து மாறும் இந்த வகைச் சிக்கல்களை ஆராய்வதற்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர்.

இந்த எண்ணத்தின் வேர் 1760 வரை போகிறது. பெரியம்மைக்கு அன்று இருந்தது இன்றைய தடுப்பூசி அல்ல. அம்மைக் கொப்புளத்துச் சீழையே எடுத்து உடம்பில் குத்தும் முறை. அதிலேயே சிலர் இறந்துபோனார்கள். டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர், இருநூறில் ஒருவர் இறக்கும் ஆபத்து இருந்தாலும் எல்லாருக்கும் அம்மை குத்தினால் சராசரி ஆயுள் ஏறக்குறைய மூன்று ஆண்டு கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போது டாலம்பேர் என்ற இன்னொரு பெரிய கணிதர் ஒரு மறுப்பு எழுப்பினார். கூடும் ஆயுள் என்றைக்கோ முதுமையில் கிடைப்பது. ஊசியின் ஆபத்து இந்த மாதமே வருவது. இரண்டையும் மனிதர்கள் ஒரே தராசில் வைப்பார்களா என்று கேட்டார். இந்தத் துறையில் இதுவரை கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். தட்டம்மையை எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் மணல்வாரி என்றும் சொல்வார்கள். தடுப்பாற்றலே இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்கு அதைத் தொற்ற வைப்பார். இதற்கு அடிப்படைப் பெருக்க எண் என்று பெயர். நாம் 15 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை 15ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 0.933. அதாவது நூற்றுக்கு 93 பேருக்கு மேல் தடுப்பாற்றல் பெற்றிருந்தால் நோய் பரவ முடியாமல் அணைந்துவிடும். 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதிய சமன்பாடுகளிலிருந்து கிடைப்பது இது. மக்களை நோய் வரக்கூடியவர்கள், நோயில் இருப்பவர்கள், மீண்டவர்கள் என்று மூன்று கூடையாகப் பிரித்து, ஒரு கூடையிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகத்தில் ஆள் நகர்கிறார்கள் என்று எழுதுவது. பிளஸ் டூ வகைநுண்கணிதம் தெரிந்தால் போதும், படிக்கத் தொடங்கிவிடலாம்.

2004இல் கிறிஸ் பாச், டேவிட் எர்ன் என்ற இரண்டு கணிதர்கள் இதோடு மனித முடிவைச் சேர்த்தார்கள். ஒரு பெற்றோர் இரண்டு பயங்களை ஒப்பிடுகிறார்: ஊசியால் வரும் கெடுதல் பற்றிய பயம், நோயால் வரும் கெடுதல் பற்றிய பயம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பய விகிதம் என்று நான் பெயர் வைத்துக்கொள்கிறேன். ஊசி போடாத குழந்தைக்கு என்றாவது நோய் வரும் வாய்ப்பு, ஊரில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த வாய்ப்பு பய விகிதத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஊசி போடுவார்கள். சிறிதாகிவிட்டால் நிறுத்துவார்கள். இரண்டும் சமமாகும் இடத்தில் ஊர் நிலைகொள்ளும். யாரும் தனியாகத் தன் முடிவை மாற்றி லாபம் பார்க்க முடியாத அந்த இடத்தை நாஷ் சமநிலை என்கிறார்கள்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் குணம் புரியும். பய விகிதம் 0.1 என்றால், அதாவது நோய்க்குப் பயப்படுவதில் பத்தில் ஒரு பங்குதான் ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்றால், ஊர் 92.6 விழுக்காட்டில் நிற்கும். நல்லதுதான், ஆனாலும் 93.3ஐத் தொடவில்லை. பயம் கொஞ்சமும் இல்லாவிட்டால் மட்டுமே தொடும். விகிதம் 0.5 ஆகிவிட்டால் 86.7. பயம் ஐந்து மடங்கு கூடியும் இழப்பு ஆறு விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் விகிதம் 0.9 ஆகிவிட்டால் 33.3. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து 0.93ஐத் தாண்டினால் ஒருவரும் போடமாட்டார்கள். ஆழமில்லாத தண்ணீரில் நடந்துகொண்டே போய், திடீரென்று கால் எட்டாமல் போவதுபோல. ஊசி மேல் இருக்கும் நம்பிக்கை மெல்லத் தேயும்போது புள்ளிவிவரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இந்த ஒரு வளைவை ஒரு மாணவி தன் கையால் வரைந்து பார்த்துவிட்டால், அந்தக் கோடையில் பாதி வேலை முடிந்தது என்பேன்.

இன்னொரு திருத்தமும் உண்டு. மேலே உள்ள கணக்கு, போட்ட ஊசி எல்லாருக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்பது மாதத்தில் போடும் முதல் தட்டம்மை ஊசி ஏறக்குறைய 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குத்தான் தடுப்பாற்றல் தரும். ஆக, ஒரு குழந்தை விடாமல் முதல் ஊசி போட்டாலும் 93ஐ எட்ட வழியில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி போட்டால் அது 97 வரை ஏறுகிறது. இரண்டாவது ஊசியை ‘அதான் ஒண்ணு போட்டாச்சே’ என்று விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது. முதல் ஊசிக்குக் காட்டிய கவனம் அதற்குள் ஓய்ந்திருக்கும், அடுத்த குழந்தை வயிற்றில் இருக்கும்.

மனிதர்கள் இப்படி உட்கார்ந்து விகிதம் போடுவார்களா? மாட்டார்கள். பாச் அவர்களே 2005இல் அதை மாற்றி எழுதினார். பக்கத்து வீட்டைப் பார்த்து நடப்பார்கள் என்று. அவர் பிள்ளைக்குப் போட்டாரா, என்ன ஆயிற்று, சரி நாமும் போடலாம். அல்லது, அவர் போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை, நாமும் விட்டுவிடலாம். இப்படிப் பார்த்துச் செய்வதைச் சமன்பாட்டில் சேர்த்தால் ஊசியும் நோயும் அலை அலையாக வருகின்றன. நோய் குறைந்ததும் ஊசி குறைகிறது, ஊசி குறைந்ததும் நோய் எழுகிறது, நோயைக் கண்டதும் ஊசிக்கு ஓடுகிறார்கள். இங்கிலாந்தில் 1970களில் கக்குவான் இருமல் ஊசியால் மூளை பாதிக்கும் என்ற பயம் பரவியபோது, ஊசி போடுபவர்கள் பத்தில் எட்டுப் பேரிலிருந்து மூன்று பேராகக் குறைந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பெரிய நோய் அலைகள் வந்தன. பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின.

நம் மாநிலத்திலும் இதற்கு நிகர் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் போடும் இயக்கம் நடந்தபோது, வாட்ஸப்பில் வந்த வதந்திகளால் பல பெற்றோர் பின்வாங்கினார்கள். குறித்த நாளுக்குள் முடியாமல் இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. இப்படிச் சமன்பாடாக எழுதும் கணித மாதிரியில் பக்கத்து வீடு என்று எழுதும்போது நாம் யோசிக்க வேண்டியது இங்கேதான். கீழக்கரையில் பல வீடுகளில் வாப்பா சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில் இருப்பார். பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பற்றி உம்மா முடிவெடுக்குமுன் துபாய்க்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போகும், அங்கே அவர் அறையில் இருக்கும் நண்பர்களின் கருத்தும் சேர்ந்து திரும்பி வரும். அந்தக் குழந்தையின் பக்கத்து வீடு கடல் தாண்டி இருக்கிறது. வரைபடத்தில் தூரத்தை அளந்து தொடர்பைக் கணிக்கும் மாதிரிகள் இங்கே தவறிப்போகும். கோட்டை எங்கிருந்து எங்கே இழுப்பது என்று அந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

இனி, விடுபட்ட உறுப்பு. இந்த மாதிரிகள் எல்லாமே ஒரு தாய் போடலாம், வேண்டாம் என்று முடிவெடுப்பதாக எழுதப்பட்டவை. கடற்கரையில் பல தவறிய ஊசிகளுக்குப் பின்னால் அப்படி ஒரு முடிவே கிடையாது. தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை ஊசி நாள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகலாம், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இராமேஸ்வரத்தில் அந்த மூன்று நாள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி. புதனன்று அப்பா டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய்விடுவார். ஊசி போட்ட குழந்தைக்கு அன்று இரவு காய்ச்சல் வரலாம். வியாழன் காலையில் படகு கரை சேரும்போது இறால் தரம் பிரிக்க, மீன் காயப்போட அம்மாவுக்கு வேலை இருக்கும். “நர்சம்மா, ராத்திரி பூரா புள்ள அழுதா காலையில நான் எப்படி வேலைக்குப் போறது? அடுத்த வாரம் வரேனே” என்று ஒரு தாய் சொன்னால், அதை ஊசி மறுப்பு என்று பதிவது பெரிய தவறு. அவள் ஊசிக்குப் பயப்படவில்லை. ஒருநாள் கூலிக்குப் பயப்படுகிறாள். அடுத்த புதனும் இதே புதன்தான்.

இதைக் கணக்கில் எழுதுவது கடினமில்லை. ஊசியின் பயம் என்ற இடத்தில் பயம், போய்வரும் செலவு, போகும் கூலி மூன்றையும் கூட்டி வைத்தால் போதும். வளைவு அதேதான். ஆனால் பொருள் முழுக்க மாறிவிடுகிறது. பயத்தைக் குறைக்க விழிப்புணர்வு வேண்டும். கூலி இழப்பைக் குறைக்க வேறு நாளில், வேறு நேரத்தில் ஊசி வேண்டும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத மாதிரியைக் கொண்டு மேடை போட்டு மக்களுக்குப் புத்தி சொல்லத்தான் முடியும்.

தொலைவு ஊசி போடுபவர்களின் எண்ணிக்கையை எப்படிப் பாதிக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு செவிலியர் ஊருக்கே வந்து ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதன் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் தமிழகத்தில் 2005-06இல் 81 விழுக்காடு, 2015-16இல் 70, 2019-21இல் 89. நடுவில் வந்த சரிவுக்கு ஒரே ஒரு காரணம் சொல்வது சரியாகாது. ஆனால் பயமும் தொலைவும் ஒரே நேரத்தில் கூடினால் என்ன நடக்கும் என்று மாதிரி சொல்லும் திசையும் அதுதான்.

மண்டபத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை இலங்கை அரசு மண்டபம் முகாமில்தான் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பியது. அங்கே யாருக்கும் முடிவெடுக்கும் வேலை இருக்கவில்லை. குத்திக்கொண்டால் கப்பல், இல்லாவிட்டால் இல்லை. அதே மண்ணில் இன்று ஒரு தாய் யோசித்து முடிவெடுக்கிறாள் என்பதே பெரிய மாற்றம். அவள் எப்படி யோசிக்கிறாள் என்று தெரிந்துகொள்வது அவளுக்குத் தரும் மரியாதையும்கூட.

சராசரி என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரை முழுக்க இருபது குப்பம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஆயிரம் குழந்தைகள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்தொன்பதில் 97 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பாற்றல், ஒன்றில் மட்டும் 55. மொத்தச் சராசரி 94.9. எல்லை 93.3 என்பதால் எல்லாம் நலம் என்று அறிக்கை சொல்லும். அந்த ஒரு குப்பத்தில் 450 குழந்தைகள் ஒரே மணலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள், தட்டம்மை ஒருமுறை நுழைந்தால் போதும். குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கையை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாவட்டத்தில் ஊசி வயதுக் குழந்தைகள் நாற்பது பேர்தான் ஆய்வில் சிக்கினார்கள் என்று வைத்துக்கொண்டால், 90 விழுக்காடு என்று வரும் எண்ணின் உண்மை 80க்கும் 99க்கும் இடையே எங்கும் இருக்கலாம். நாம் தேடும் 93 அந்த இடைவெளிக்குள் கரைந்துபோகிறது.

அப்படியானால் எட்டு வாரத்தில் ஒரு இளங்கலை மாணவி என்னதான் செய்வது? நிறையச் செய்யலாம். இந்தியாவில் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. வேறொரு ஊரில் ஒரு பேராசிரியருடன் தங்கிப் படிக்கலாம். அமெரிக்காவில் கார்லோஸ் காஸ்டிலோ-சாவேஸ் 1996இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்களுக்காகவே கணித உயிரியல் கோடைப் பயிலகம் ஒன்றைத் தொடங்கினார், பிறகு அது அரிசோனாவுக்கு இடம் மாறியது. அங்கே கேள்வியை மாணவர்களே தேர்ந்தெடுப்பார்கள், பெரும்பாலும் தங்கள் வீடு, தங்கள் ஊர் சார்ந்த கேள்விகளை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கல்லூரியில் வழிகாட்ட ஒரு ஆசிரியர், ஒரு லேப்டாப், மூன்று கூடைச் சமன்பாடு இருந்தால் எக்செல் தாளிலேயே தொடங்கிவிடலாம். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் விவரம் கேட்பதை மட்டும் தானாகச் செய்யக்கூடாது. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கேட்காமலேயே, ஊர் அறிவை மட்டும் வைத்து எழுதக்கூடிய கேள்விகள் இருக்கின்றன.

ஒன்றை இங்கேயே போட்டுப் பார்ப்போம். தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பத்து அப்பா கரையில் இருக்கிறார், புதன்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் வித்தியாசம் இல்லை. கையில் காசு குறைவுதான், ஆனால் இழக்கக் கூலியும் இல்லை, இரவில் பிள்ளையைத் தூக்கி நடக்க இன்னொரு ஆள் இருக்கிறது. ஆகவே ஊசிக்கு வீடு தரும் விலை அந்த இரண்டு மாதம் குறைகிறது என்று மாதிரியில் எழுதலாம். இரண்டாவது தட்டம்மை ஊசிக்கான காலம் 16 மாதத்திலிருந்து 24 மாதம் வரை, அதாவது எட்டு மாதம். அந்த எட்டு மாதத்துக்குள் தடைக்காலத்தின் ஒரு நாளாவது விழும் குழந்தைகள் எத்தனை பேர்? எட்டும் இரண்டும் பத்து, பன்னிரண்டில் பத்து. பிறப்பு ஆண்டு முழுவதும் சீராக நடந்தால் ஆறில் ஐந்து குழந்தைகளுக்கு அப்பா கரையில் இருக்கும்போது ஊசி போட வாய்ப்பு வந்துவிடுகிறது. தடைக்காலம் கிட்டத்தட்டச் சித்திரையும் வைகாசியும். மீதமுள்ள ஆறில் ஒரு பங்குக் குழந்தைகள் யார் என்று பின்னோக்கி எண்ணினால், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பிறந்தவர்கள், அதாவது மாசி, பங்குனிப் பிள்ளைகள். அவர்களுக்கு 16 மாதம் முடியும்போது படகுகள் கடலுக்குப் போயிருக்கும், இரண்டு வயது நிறையும்போது அடுத்த தடைக்காலம் தொடங்கியிருக்காது.

இது உண்மையில் ஊசி தவறும் குழந்தைகளோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. குழந்தை பிறந்த தேதியும் ஊசி போட்ட தேதியும் அந்தந்த ஊர்ச் செவிலியரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.